ஜெபாவின் சீட்டில் எழுதிய பேர்

புதுவாயலில் குடியிருக்கும் கிரேஸ், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். அவளுடைய ஆறு வயது மகள் ஜெபா வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். டிவி விளம்பரங்களை அப்படியே நடித்துக் காட்டுவாள். அதனால் ஒன்றாம் வகுப்பு ஈஸ்வரி டீச்சர் கூப்பிட்டுச் சொன்னது கிரேஸுக்குப் புரியவேயில்லை.

“ஆறு மாசமா ஒரு வார்த்தை பேசல. முகத்தையே பாக்கறதில்ல. ஆட்டிசமா இருக்குமோன்னு தோணுது. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஆட்டிசம் வீடியோவாகப் பார்த்தாள் கிரேஸ். வெளியாளைக் கண்டால் ஜெபா விறைத்துப்போவது ஒன்றில் சொன்னதுபோலவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்து விளையாடுவது எதிலும் பொருந்தவில்லை.

லீவு போட்டு, மகளைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா நெடுநேரம் விசாரித்து, சீட்டில் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்று எழுதினார்.

“ஆட்டிசம்தானே மேடம் அது?”

“இல்லம்மா. கேக்க ஒரே மாதிரி இருக்கு, வேற வேற. ஆட்டிசம் பிறவியிலேயே வர்றது. எங்க போனாலும் கூடவே இருக்கும். இது, வீட்டுல பேசற பிள்ளைக்கு ஸ்கூல்ல பயத்துல தொண்டை அடைச்சுக்கறது. பிடிவாதம் இல்ல. பேசு பேசுன்னு நச்சரிக்காதீங்க. ஸ்கூல் விட்டப்புறம் காலி கிளாஸ்ல கொஞ்ச நேரம் அவளோட போய் உக்காருங்க.”

“அப்போ ஆட்டிசம் இல்லவே இல்லையா?”

“சிலருக்கு ரெண்டும் இருக்கும். இவளுக்கு அப்படித் தெரியல. அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்.”

பஸ்ஸில் வரும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் கணவன் சாம்சன் சீட்டைப் படித்ததும் கலைந்துபோனது.

“மியூட்டுன்னா ஊமைதானே? ஊட்டுல கத்திக்கினு கீறாளே! இன்னா டாக்டரு?”

“ஊமை இல்லய்யா. பயம். ஆனா வெறும் பயமும் இல்ல...” சீட்டை வாங்கி மறுபடி படித்தாள்.

டாக்டர் சொன்னபடி, பள்ளி விட்டபின் காலி வகுப்பில் மகளோடு போய் உட்கார்ந்தாள். ஈஸ்வரி டீச்சர் தூரத்தில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த யானைப் படத்தை வெகுநேரம் பார்த்த ஜெபா, அம்மாவின் காதில் உதட்டை ஒட்டினாள்.

“ஒரு காது மட்டும் பெருசா கீதும்மா.”

டீச்சரின் கை நின்றது. திரும்பிப் பார்க்காமல் மறுபடி துடைத்தார்.

இது பேச்சில் சேருமா என்று கிரேஸுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து கேட்டபோது டீச்சருக்கும் தெரியவில்லை.

“நாளைக்கும் இதே நேரத்துக்கு வாங்க,” என்றார்.