மெற்றில்டாவின் காவல் நூல்

இலுப்பைக்கடவையில் தம்பி நீக்கிலாசின் வீட்டோடு இருக்கும் மெற்றில்டாவைத் தனியே கிணற்றடிக்குப் போக யாரும் விடுவதில்லை. அடுப்பிலும் அவளுக்கு வேலை கிடையாது. இறுதி யுத்தத்தில் ஷெல் துண்டொன்று அவளுடைய தலைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. எடுக்கப்போனால் உயிர் தப்புமோ தெரியாது என்று டொக்டர்மார் அதைத் தொடவில்லை. அன்று பிடித்த வலிப்பு, நாற்பது கடந்தும் அவளை விடவில்லை. கேட்டு வந்த ஒன்றிரண்டு கலியாணப் பேச்சும் வலிப்பு என்ற சொல்லோடு திரும்பிப் போய்விட்டன.

யுத்தம் முடிந்தபின் காயப்பட்ட பெண்களுக்குக் கன்னியர் மடத்தில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னப் பழக்கினார்கள். மெற்றில்டாவும் போனாள். அவள் கையில் ஊசியைக் கொடுக்கச் சிஸ்டருக்கும் முதலில் பயம்தான். நீண்ட ஊசிகளை விட்டு, மெல்லிய வயரால் இணைத்த இரண்டு குட்டை ஊசிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வேலையைக் கீழே வைக்கும்போதெல்லாம் கூர்முனையில் தக்கைத் துண்டைக் குத்திவிடச் சொன்னார்.

"உனக்கு எப்ப வருமெண்டு உனக்கே தெரியாது பிள்ளை. ஒவ்வொரு பூவும் முடிய, காவல் நூல் ஓட்டாமல் அடுத்த வரிசைக்குப் போகக் கூடாது" என்றார்.

ரேந்தையில் துளை விட்டுத் துளை விட்டுப் பின்னுவதால், ஒரு கண்ணி நழுவினால் அது கீழ்நோக்கி ஓடிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஊசியில் நிற்கும் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளாலும் வேறொரு நூலைக் கோத்து, அதை அந்த வரிசையிலேயே விட்டுவிட வேண்டும். மேலே எது குலைந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். மெற்றில்டா அதற்கு நீக்கிலாசின் தங்கூசியை, தூண்டிலில் கட்டும் மெல்லிய நைலோன் இழையை, எடுத்துக்கொண்டாள். அது பருத்தி நூலோடு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். பூவின் எல்லை தெரிவதற்குக் குளிர்பானக் குழாயை வளையம் வளையமாக வெட்டி ஊசியில் மாட்டுவாள். தங்கூசி அந்த வளையங்களுக்குள் போய்விடாமல் கண்ணிகளுக்குள் மட்டும் போகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். வலிப்பு வந்து ஊசி கழன்று விழுந்த பல நாட்களில் அவளுடைய வேலை பிழைத்தது இப்படித்தான்.

போன வருடம் நீக்கிலாசின் மகள் ஜெனிஸ்ராவுக்கு மன்னார் டவுனிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றொட்னி. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற அன்று காலை, நீக்கிலாசின் மனைவி தனுசியா பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. அவை வந்திட்டுப் போகுமட்டும் லூர்தம்மா அக்கா வீட்டில இருங்கோவன்."

"ஓம், போறன்" என்றாள் மெற்றில்டா.

பக்கத்து வீட்டு லூர்தம்மா தேத்தண்ணி கொடுத்தாள். வேலிக்கு அப்பால் கார்க்கதவு சாத்தும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அங்கே இருந்தபடியே மெற்றில்டா ஒரு முடிவுக்கு வந்தாள். ஜெனிஸ்ராவின் கலியாணத் தலைமுக்காட்டைத் தன் கையாலேயே பின்ன வேண்டும். நிலத்தில் இழுபடும் நீளத்துக்கு. அதைப் பார்த்தால் மாப்பிள்ளையின் தாய், இது ஆர் செய்தது என்று கேட்காமல் இருக்க மாட்டாள். கேட்டால் தனுசியா சொல்லத்தானே வேண்டும். பிறகு கோயிலில் முன்வரிசை வாங்கில் தனக்கும் ஓர் இடம் இருக்கும்.

மெல்லிய வெள்ளை நூல். வேலை நினைத்ததைவிட மெல்லப் போனது. வலிப்புக்கு இரவில் போடுகிற குளிசை காலையிலும் கண்ணை இழுத்தது. கண்ணிகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. கலியாண நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பதற்றம் பிடித்தது. முதலில் பாதிக் குளிசை போட்டாள். பிறகு அதையும் விட்டாள். தலை தெளிந்தது, விரல்கள் ஓடின. ஒரு பூ முடிந்தால் காவல் நூல் ஓட்டுவதை மட்டும் அவள் ஒருநாளும் விடவில்லை. அவசரம் என்பதால் இன்னும் கவனமாக ஓட்டினாள்.

ஒரு பின்னேரம், வீட்டில் எல்லோரும் கலியாண உடுப்பு எடுக்கப் போயிருந்தார்கள். அனேகமாக வலிப்புக்கு முன் ரப்பர் எரிகிற மாதிரி ஒரு மணம் வரும். அது வந்தால் ஊசியை வைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வாள். அன்று மணம் வரவில்லை.

திரும்பி வந்த ஜெனிஸ்ராதான் கண்டாள். மாமி, இருந்து பின்னும் கதிரைக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தாள். வாயில் இரத்தம், வலது தோள் பின்பக்கமாகத் திருகிக் கிடந்தது. முக்காடு அவளுடைய காலடியில் கிடந்தது. ஊசி கழன்று, மேலே இருந்த வரிசைகள் சிலும்பிப்போய், தங்கூசியோடு நின்றிருந்தன. அதற்குக் கீழே ஒரு பூவும் குலையவில்லை.

ஆஸ்பத்திரியில் தோளைப் பொருத்தினார்கள். எலும்பும் வெடித்திருந்தது. குளிசை ஒழுங்காகப் போட்டாவா என்று டொக்டர் கேட்க, நீக்கிலாஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் அக்கா அப்பிடிச் செய்தனீங்கள்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நாக்கு வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அவன் கட்டில் விளிம்பில் வந்து இருந்தான். "கோயில்ல சனமாக் கிடக்கும். வெக்கை வேற. நீங்கள் வராமல் இருக்கிறதுதான் நல்லது அக்கா" என்றான். சொல்லிவிட்டு அழுதான். மெற்றில்டா இடக்கையால் அவனுடைய முழங்காலைத் தட்டிவிட்டாள்.

கலியாணத்தன்று ஜெனிஸ்ரா டவுனில் வாங்கிய முக்காட்டோடு பின்னறைக்கு வந்தாள். கவுண் அழுக்காகும் என்று தாய் கூப்பிடக் கூப்பிட முழங்காலில் நின்றாள்.

"மாமி, ஏன் வரமாட்டன் எண்டனீங்கள்? என்னோட கோவமே?"

தகப்பன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான் என்று மெற்றில்டாவுக்கு விளங்கியது. வாசலில் நின்ற நீக்கிலாஸ் நிலத்தைப் பார்த்தான்.

"கோவமில்லையடி. கை நோகுது. சனத்துக்குள்ள ஆரும் இடிச்சாலும் தாங்கேலாது" என்றாள். இடக்கையால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

தோள் பிறகு முழுதாக வழங்கவில்லை. கையைச் சிறிது நேரம் தூக்கினாலே நடுங்கும். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒருநாள் அவள் முக்காட்டை எடுத்து, காவல் நூலில் நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினாள். மேலே பின்ன முயன்று பார்த்தாள், முடியவில்லை. அந்த நீளத்திலேயே ஓரத்தைக் கட்டி முடித்து, தங்கூசியை உருவி எடுத்தாள். அது தோளை மூடவும் காணாது. ஜெனிஸ்ரா வந்தபோது ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது குளிசையைத் தவறாமல் போடுகிறாள். பகலில் அதிகமாக நித்திரைதான். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், தனுசியா வாசலுக்கு வருமுன்பே எழும்பிச் சட்டையை மாற்றிக்கொண்டு லூர்தம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள்.