மூன்று மணி ரயிலில் இடம் இருந்தது

நான் நியூசிலாந்தில், பாபகூராவிலிருந்து ஒக்லாந்து நகரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன். டிக்கெட் எடுப்பது என்று ஒரு வேலையே எனக்கு இல்லை. கார்டைத் தட்டிவிட்டு ஏறவேண்டியதுதான். ஒன்று போனால் அடுத்தது வரும். இருக்க இடமில்லாவிட்டால் நின்றுகொண்டு போகலாம். இப்படிப் பல வருஷம் போய்வந்ததில், உலகத்து ரயில் எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

பாரிசில் இருக்கும் அக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது, அப்படியே ஜெர்மனிக்குப் போய் அண்ணாவையும் பார்த்துவருவதாகச் சொல்லியிருந்தேன். அண்ணாவை நேரில் கண்டு பதினான்கு வருஷம். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். அவர் விமானம் ஏறி ஒக்லாந்துக்கு வருவது இனி நடக்காது. நாங்கள் சந்திப்பதென்றால் நான்தான் போகவேண்டும்.

"என்னப்பா, அண்ணையிட்டப் போறதுக்கு ரெயில் டிக்கெட் எடுத்தாச்சோ? அங்க எல்லாம் முதலே எடுக்க வேணுமாம்," என்றாள் மனைவி. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் தனியாகத்தான் போனேன்.

"ரெயில்தானே, அண்டண்டைக்கு எடுக்கலாம்," என்று உலகம் சுற்றியவன் மாதிரிச் சொன்னேன்.

எடுக்காமல் விட்டதற்கு அக்காவும் ஒரு காரணம். எங்கள் ஆட்களின் வீடுகளில், வந்தவர் எப்போது புறப்படுவது என்பதை வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கவேண்டும். கையில் டிக்கெட்டோடு போய் நின்றால், "வரேக்கையே போற நேரத்தைக் குறிச்சுக்கொண்டோ வந்தனி?" என்று அக்கா முகத்தை நீட்டிவிடுவாள். அவளுடைய மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். அண்ணாவின் மனதைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கலியாணம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன், அக்கா விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள், நீ இல்லாவிட்டால் எப்படி என்றாள். திங்கள் அண்ணாவுக்கு டயாலிசிஸ். வியாழன் எனக்குத் திரும்பும் விமானம். ஆக, மிஞ்சியது செவ்வாய் ஒன்றுதான். "நாளைக்கு வாறன்," என்று திங்கள் மாலை அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "எத்தனை மணி ரெயில்?" என்று கேட்டார். "ஸ்டேஷனில போய் எடுத்துப்போட்டுச் சொல்லுறன்," என்றேன்.

செவ்வாய் காலையில் அக்கா அண்ணாவுக்கென்று பயத்தம் உருண்டை கட்டித் தந்தாள். சர்க்கரை அவருக்கு ஆகாது என்றேன். ஒன்று தின்றால் செத்துப்போகமாட்டார் என்றாள். நான் நிலையத்துக்குப் போய்ச் சேரவே பத்து மணி தாண்டிவிட்டது. டிக்கெட் இயந்திரத்தில் அண்ணா இருக்கும் ஊரின் பெயரை அடித்துப் பார்த்தேன். காலை ரயில்கள் நிரம்பிவிட்டன. மூன்று மணி ரயிலில் இடம் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மாறவேண்டும், போய்ச் சேர இருட்டிவிடும், விலையும் அதிகம்.

எடுத்திருக்கலாம். விலையைச் சாட்டுச் சொன்னால் பொய். இரண்டு நாள் கலியாண அலைச்சலில் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, எனக்குப் பயம். கடைசியாக வீடியோவில் பார்த்தபோது அண்ணாவின் கழுத்து மெலிந்து, சேர்ட் கொலர் தனியாக நின்றது. அந்த மனிதருக்கு முன்னால் ஓர் இரவு முழுக்க இருந்து என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேடையோரத்து மர வாங்கு ஒன்றில் போய் இருந்து, பொதியை அவிழ்த்து, அவருக்கென்று கட்டிய உருண்டையில் ஒன்றைத் தின்றேன். பிறகு போனை எடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு எல்லா ரெயிலும் நிரம்பிட்டுதாம். ஒரு இடமும் இல்லை."

"ஓம் ஓம், இப்ப லீவு காலந்தானே, நிரம்பியிருக்கும். நீ களைச்சுப்போய் நிப்பாய். அக்கா வீட்டை போய்ப் படு," என்றார்.

அக்காவுக்கு நான் திரும்பி வந்ததில் சந்தோஷம். நண்டு வாங்கிச் சமைத்தாள். நானும் வெட்கமில்லாமல் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன். தப்பினேன் என்றுதான் அன்றைக்கு இருந்தது.

இந்த வருஷம் அண்ணாவின் மகள், என் பெறாமகள், படிப்பு முடித்துவிட்டு இங்கே சுற்றிப்பார்க்க வந்தாள். ஜெர்மனியில் பிறந்தவள், ஆனாலும் யோசித்து யோசித்துத் தமிழ் கதைப்பாள். நகரத்தைக் காட்ட அவளை ரயிலில் கூட்டிப்போனேன்.

"டிக்கெட் எடுக்கிறேல்லையோ சித்தப்பா?"

"தட்டினாக் காணும்."

அவள் சிரித்தாள். "அண்டைக்கும் இப்பிடி இருந்திருந்தா நீங்கள் எங்களிட்ட வந்திருப்பீங்கள். அப்பா பாவம். காலமை துவக்கம் போனில ரெயில் பாத்துக்கொண்டிருந்தவர். நீங்கள் கோல் எடுத்த பிறகும் பாத்தவர். மூண்டு மணி ரெயிலில இடம் கிடக்குது எண்டு எனக்குக் காட்டினவர். அப்ப சித்தப்பாவுக்குச் சொல்லுங்கோவன் எண்டன். வேண்டாம், அவன் இல்லையெண்டு சொல்லிப்போட்டான், இப்ப நான் சொன்னா அவனுக்கு வெக்கமாப் போயிடும் எண்டவர். எனக்கு அது விளங்கேல்ல. ஏன் சித்தப்பா வெக்கம்?"

நான் வெளியே எதையோ காட்டிக் கதையை மாற்றினேன். இறங்கும்வரை அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கிற சாக்கில் இதை விழுங்கிவிடுவேன் என்று பயந்து, எடுத்த எடுப்பில் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு ரெயிலில இடம் இருந்தது. நான்தான் வரேல்ல."

"தெரியுமடா," என்றார். குரலில் கோபம் இல்லை. "அதை ஏன் இப்ப கிண்டுறாய்? ஆனா ஒண்டு, அடுத்தமுறை வாறதெண்டா எனக்கு முதல் சொல்லாத. நேர வந்து கதவில மணியை அடி. யன்னலில நிண்டு றோட்டைப் பாத்துக்கொண்டிருக்க என்ர காலுக்கு இப்ப ஏலாது."