பத்து மணித் தேத்தண்ணியும் பன்னிரண்டு சாக்கும்

மாத்தளை டவுனுக்குப் பக்கத்தில், வாசனைத் திரவியங்களைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. பத்து மணிக்கு எல்லாரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம். மனேஜர் மிஸ், சிங்களப் பெண், கோப்பையைக் கையில் எடுத்ததும், "இன்னிக்கி என்ட பிழை, சாக்கு ஓடர் பண்ண மறந்தது" என்றார். பிறகு லொறி டிரைவர் தன் பிழையைச் சொன்னார். சாக்கு தைக்கிற அக்கா ஒன்று சொன்னார். கேலி செய்து சிரித்துவிட்டு எல்லாரும் வேலைக்குப் போனார்கள். இதென்ன கூத்து என்று நினைத்தேன்.

நான் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இங்கே வருமுன் இரண்டு வருஷம் கொழுந்து பறித்தேன். அங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, "யாரு செஞ்ச வேல இது?" என்று கங்காணி கேட்டால் அத்தனை தலையும் தரையைப் பார்க்கும். ஒப்புக்கொண்டால் அரைப்பேர்தான், பாதி நாள் கூலி போச்சு. மிஸ் பிழை சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"சும்மா வாயப் புடுங்குவாங்க. மூணு மாசம் முடிஞ்சி நிரந்தரக் கடிதம் கைக்கு வர்ற வரைக்கும் நீ தரையப் பாரு" என்றாள்.

நானும் பார்த்தேன். "எனக்குப் பிழை ஒண்ணும் இல்ல மிஸ்" என்றே இரண்டரை மாதத்தை ஓட்டினேன்.

அப்போதுதான் கராம்பு வந்தது. நாலு பேர் சாக்கு நிரப்பினோம். என் வேகத்தைக் காட்ட வேண்டாமா? மலையில் கொழுந்துப் பையை அமுக்குவது போலவே முழங்கையால் அமுக்கி அமுக்கி நிரப்பினேன். பன்னிரண்டு சாக்கு. முதலில் முடித்த பெருமை வேறு. கடைசிச் சாக்கைத் தைக்குமுன் கையை விட்டுப் பார்த்தால், பிடி நிறைய உடைந்த தலைகள். கராம்புக்கு விலையே அந்த மொட்டுத் தலைக்குத்தான். மறுநாள் லொறி புறப்பட வேண்டும். சாக்கில் யார் பெயரும் இல்லை. நான் சொல்லாவிட்டால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் பத்து மணி. என் முறை வந்தது. தரையைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு கராம்புத் தலை கிடந்தது. எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

"பன்னெண்டு சாக்கு மிஸ். நான்தான் அமுக்கினேன். தலையெல்லாம் ஒடஞ்சிருச்சி."

யாரும் சிரிக்கவில்லை. "ஏன் நங்கி அமுக்கினது?" என்று, சிங்களத்தில் தங்கச்சி என அழைத்துக் கேட்டார் மிஸ்.

"கொழுந்த அப்படித்தான் நெரப்புவோம் மிஸ்."

மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப பாதிப் பிழை எனக்கு. தைக்கக் காட்டின நான், நெரப்பக் காட்டல்ல."

அவரே முதலில் எழுந்து ஒரு சாக்கைப் பிரித்தார். டிரைவர்கூடச் சல்லடை பிடித்தார். "மலைக்காரிக்கு முழங்கையில இவ்வளவு பெலமா" என்று அக்கா விடாமல் கிண்டலடித்தார். நல்ல கராம்போடு லொறி நாலு மணிக்குப் புறப்பட்டபோது நான் குதிக்காத குறை. அத்தனை சந்தோஷம். அன்றுதான் உண்மையாகவே வேலைக்குச் சேர்ந்தது போலிருந்தது.

இரண்டு வாரத்தில் நிரந்தரக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன்.

"கராம்ப ஒடச்சது நீதான்னு தெரிஞ்சுமா குடுத்தாங்க?" என்றாள்.

"சொன்னதாலதாம்மா தெரியும்."

கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "ஒரு தடவ கொழுந்துல முத்தல் எலயப் போட்டது நான். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு அரைப்பேர் போட்டாங்க. நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.

அந்த அக்கா இன்னும் பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறார். லயத்து அறைகள் இரண்டுக்கும் ஒரே சுவர்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுவோமா?" என்றேன்.

"நாளைக்கு எதுக்கு?" என்ற அம்மா, எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள்.