கழற்றாத ஹெல்மெட்

பைக் டாக்ஸி ஓட்டத் தொடங்கிய புதிதில், பழையசீவரம் ஸ்டேஷனில் ஒரு சவாரி வந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெரிய தெருக்காரர். அவர் கழனிக்குத்தான் அம்மா இன்றும் நடவுக்குப் போகிறாள். மரியாதைக்கு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "நான்தாங்க, உட்காருங்க போலாம்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலனிப் பையன்தான நீ? வேணாம், நான் ஷேர் ஆட்டோல வந்துக்கிறேன்" என்று வெயிலில் போய் நின்றுகொண்டார். போனில் சவாரி ரத்தானது. என் முதுகுக்குப் பின்னால் உட்கார மனசு வரவில்லை அவருக்கு. அம்மா நட்ட நெல்லைத் தின்ன மட்டும் வருகிறது.

அன்றிலிருந்து சவாரி முடியும்வரை நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

போன மாதம் அதே ஸ்டேஷன், அதே ஆள். சென்னையிலிருந்து மகன் புக் பண்ணியிருந்தான். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, பேசாமல் வண்டியை எடுத்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியதும், "நல்லா நிதானமா ஓட்டற நைனா. எந்த ஊரு நீ?" என்றார்.

என் ஊர் நடுத்தெருவில் நின்றுகொண்டு, வேறு எங்கேயோ கையைக் காட்டினேன்.