தெருவுக்கே பொதுவாகிப் போன மருந்துப் பெட்டி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். எட்டயபுரத்துக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். விடாத மழையில் ஓடை நிரம்பி, பஸ் நின்றுபோனது. கரிசல் மண் நனைந்துவிட்டால் நடந்தும் போக முடியாது. செருப்போடு மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. அந்த நேரம் பார்த்து என் மகளுக்குக் காய்ச்சல். வீட்டில் ஒரு மாத்திரை கிடையாது, கரண்டு இல்லை, போனில் சார்ஜும் இல்லை. ஈரத்துணியைப் போட்டுப் போட்டே சமாளித்தோம். பயந்துதான் போனேன்.

மழை விட்டதும் முதல் வேலையாக ஒரு அவசரப் பெட்டி தயார் பண்ணினேன். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே தீயணைப்புத் துறையினர் வந்து முதலுதவி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றில் பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம், டார்ச், பவர் பேங்க் எல்லாம் அடுக்கி வைத்தேன். தீப்பெட்டிக்கு மட்டும் எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை.

ஒரு வீட்டில் ஏணி இருந்தால் அது தெருவுக்கே ஏணி. என் பெட்டிக்கும் அதே கதிதான். டார்ச் யாருடைய மோட்டார் ரூமுக்கோ போனது. பஞ்சு கோயில் விளக்குக்குத் திரியானது. கத்தரிக்கோல் எங்கே சுற்றியதோ, திரும்பி வந்தபோது துணிகூட வெட்டவில்லை.

எல்லாரையும் மிஞ்சியவர் எதிர்வீட்டு மதினி. அவர் வளர்த்த வெள்ளாடு முள்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது.

“ஏட்டி, அந்தக் கட்டுத்துணிய எடு. ஆட்டுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு.”

“மனுசருக்கு வாங்கி வச்சத ஆட்டுக்கா கேக்கீய மதினி?”

“ஆடு செத்தா அழப்போறது மனுசிதானட்டி!”

வாய்ப்பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே போனேன். துணியை நன்றாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, ரத்தம் ஊறினால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டினேன். காயம் ஆறுகிற வரைக்கும் மதினியே கட்டை மாற்றினார். துணி மட்டும் என் பெட்டியிலிருந்துதான்.

இது சரிப்படாது என்று, பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார். உரம் வரும், காராச்சேவு வரும், பூட்டு மட்டும் வராது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த மாசியில் ஒருநாள் மத்தியானம் ஆபீஸில் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கணக்கப்பிள்ளை வந்து, “உனக்குப் போன் வந்திருக்கு, ஓடு” என்றார். எதிர்முனையில் மதினி.

“தம்பி காலுல கோடாலி பட்டுட்டு. பயப்படாத, கட்டு போட்டுட்டேன். கார்ல கூட்டிட்டு வாரோம். நீ நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு.”

என் வீட்டுக்காரரைத்தான் மதினி தம்பி என்பார். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றே நினைவில்லை. கொல்லையில் வேலிக்கருவை மரம் வெட்டும்போது கோடாலி நழுவி முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டதாம். சத்தம் கேட்டு ஓடிவந்த மதினி, யாரையும் கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் போய்ப் பெட்டியோடு வந்திருக்கிறார். அவரைப் படுக்க வைத்து, துணியை மடித்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார். காயத்தில் அப்ப ஒருவர் காப்பித்தூளோடு வந்தாராம். “அத வீட்டுல கொண்டுபோய்க் காப்பி போட்டுக் குடிங்க” என்று விரட்டிவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், பெரிய ரத்தக்குழாய் ஒன்று அறுந்திருக்கிறது, அழுத்திப் பிடிக்காமல் விட்டிருந்தால் ஆளைக் காப்பாற்றுவதே கஷ்டமாகியிருக்கும் என்றார். கட்டியது யார் என்று கேட்டார்.

“நாந்தான் சார். எங்க ஆட்டுக்குக் கட்டிக் கட்டிப் பழகுனது” என்றார் மதினி. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதினியின் சேலையெல்லாம் என் வீட்டுக்காரரின் ரத்தம். மதினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“ஏட்டி, அழாத. மொத தம்பிக்கு ஒரு டீய வாங்கிக் குடு” என்றார்.

இன்றைக்கும் மாதம் ஒருமுறை மருந்துக்கடைக்குப் போய்ப் பெட்டியை நிரப்புகிறேன். தெருவும் சளைக்காமல் காலி பண்ணுகிறது. கேட்டு வருகிறவர்களைத் திட்டாமல் கொடுப்பதில்லை, கட்டு எப்படிப் போடவேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமலும் விடுவதில்லை. எந்த மாதமாவது அதில் ஒன்றும் குறையாமல் அப்படியே இருந்தால், கட்டிப் பழகிய கைகளுக்குப் பழக்கம் விட்டுப்போகுமோ என்று, இப்போதெல்லாம் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.