பை பிடிக்கிறவர்

ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்த உடனே கத்த ஆரம்பிக்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. மேலேயிருந்து இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து நிற்குமே, அதற்காகத்தானே ஏறுகிறோம்? கத்தினால் அது வாய் வழியாக ஓடிப்போய்விடும். நான் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவேன். கூட ஏறிய பெண்கள் இறங்கிவந்து, உனக்குப் பயமே கிடையாதா என்று கேட்பார்கள். பயம் இல்லாவிட்டால் எதற்கு ஏற வேண்டும், வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாமே என்பேன்.

என் முதல் ராட்டினம் குன்றத்தூரில். எண்பதுகளின் தொடக்கம், பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் மலைக்கோயில் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் என்னை அனுப்பிவைப்பதில் அப்பாவுக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. அவர்கள் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு வரும் வரைக்கும் நான் அடிவாரத்தில் ராட்டினத்தில் இருப்பேன். நான்கு மரப்பெட்டிகள். மோட்டார் கிடையாது, கையால்தான் சுற்றுவார்கள். ராட்டினக்காரர் ஒரு பெட்டியைத் தாவிப் பிடித்துத் தொங்கி, தன் உடம்பின் பாரத்தாலேயே அதைக் கீழே இழுப்பார். அவருக்கு மூச்சு இரைப்பது எங்கள் காதில் விழும். சுற்று முடிந்தும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், "இன்னா பாப்பா, இன்னொரு ரவுண்டா? வூட்ல தேட மாட்டாங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சுற்றிவிடுவார்.

பிறகு தீவுத்திடல் பொருட்காட்சி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போவோம். ஜயண்ட் வீலில் உச்சிக்குப் போவதுதான் பெரிய விஷயம் என்று ஊரில் ஒரு தப்பான எண்ணம் உண்டு. உச்சியில் ஒன்றுமே இல்லை. காற்று வரும், கூவம் நாறும், கோட்டைக் கொடிக்கம்பம் தெரியும், அவ்வளவுதான். உச்சியைத் தாண்டிப் பெட்டி முன்பக்கமாகச் சரிகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் எல்லாமே. முன்னும் பின்னும் ஆடுகிற கொலம்பஸ் கப்பல் என்றால் கடைசி வரிசை. நடுவில் போய் உட்காருகிறவர்கள் வீட்டு ஊஞ்சலிலேயே ஆடிக்கொள்ளலாம். தட்டுபோல வட்டமடித்துத் தலையைக் கிறுகிறுக்க வைக்கிற ராட்டின சாதி ஒன்றும் உண்டு. அதில் ஏறுவதும் ஒன்று, வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்பதும் ஒன்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம். அவர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். நான் பாரிமுனையில் டைப்பிஸ்ட். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமான புதிதில் அவரையும் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது, பெட்டி ஏன் கீழே விழாது என்பதைக் கரும்பலகை இல்லாமலேயே எனக்கு நிரூபித்தார். எல்லாம் சொல்லிவிட்டு, "நீ போய்ட்டு வா. நான் பையைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

எந்தக் கூட்டம் கிளம்பினாலும் ராட்டினத்துக்குக் கீழே நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கைப்பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், தூங்கிப்போன குழந்தை எல்லாம் அந்த ஆளிடம் போய்ச் சேரும். மற்ற வீடுகளில் அது அத்தையாகவோ சித்தியாகவோ இருக்கும். எங்கள் வீட்டில் அவர். என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அப்படி அவர் நின்ற நாளில்தான்.

வருஷங்கள் போயின. குழந்தை உண்டாகவில்லை. இரண்டு பேரிடமும் குறை ஒன்றும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். எங்கள் சபையில் வாராவாரம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வேலை கிடைக்காதவர், வரன் அமையாதவர், சர்க்கரைக்காரர் என்று ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டு வருவார்கள். என் முறை வந்ததும், கர்ப்பத்தின் கனியைத் தாரும் ஆண்டவரே என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள். என் வயிறு சிட்லபாக்கத்துக்கே பொதுவிஷயமாகிவிட்டது. அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். வம்புக்குக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்புக்கு என்ன பதில் சொல்வது?

சபையின் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என் ராட்டினப் பைத்தியம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. உடம்பை அப்படிப் போட்டுக் குலுக்கினால் வயிற்றில் எது தங்கும் என்று என்னிடம் நேராகவே கேட்டார். குலுக்கினதால் தங்கவில்லை என்றால், தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் தினமும் ரயிலில் நின்றுகொண்டே போகிற பெண்கள் எல்லாம் எப்படிப் பெற்றார்கள் என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா வந்தது. அதில் ரோலர் கோஸ்டர். பத்திரிகையில் படம் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை மாமல்லபுரம் பஸ்ஸில் போகும்போது சவுக்குத் தோப்புக்கு மேலே அதன் தண்டவாளம் வளைந்து இறங்குவது ஒரு கணம் தெரிந்தது. கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வருஷத்துச் சபைச் சுற்றுலாவை அங்கேயே வைத்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சுற்றுலா நெருங்கியபோது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. முன்பு ஒருமுறை இப்படித் தள்ளிப்போனபோது அவசரப்பட்டு அவரிடம் சொல்லியிருந்தேன். மனுஷன் சின்ன அறையைக் காலிசெய்து, தானே ஏணி போட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். பிறகு அது ஒன்றுமில்லை என்று ஆனது. வெள்ளையாக இருந்த அந்த அறைக்குள் போகவே எங்கள் இரண்டு பேருக்கும் தயக்கமாக இருந்தது. இந்தத் தடவை நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் சொல்வது என்று வைத்திருந்தேன்.

பூங்காவில் மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடையைப் பிரிப்பதற்குள் நான் ரோலர் கோஸ்டர் வரிசைக்கு வந்துவிட்டேன். அவர் பையோடு தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றார். வரிசை நகர நகர நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறும்போது சங்கிலி கடகடவென்று இழுக்கிறது. ஜயண்ட் வீல் போல இது பெட்டி பெட்டியாக நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றவில்லை. உச்சிக்குப் போனதும் சத்தம் நின்றுவிடுகிறது, அந்த மௌனத்தில் ஒரு கணம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கணத்துக்காகவே இதைக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

வாசலில் பலகை. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது. இந்த மாதிரிப் பலகையை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் புகைபிடிக்காதீர் என்று எழுதியிருப்பதைப் போல, அது எனக்கு எழுதினது இல்லை. அன்றைக்கு முதல்முறையாக அது என்னைப் பார்த்து எழுதியிருந்தது. ஊழியர் கம்பியைத் திறந்து வரச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகி வெளியே வந்து, அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க போங்க" என்றேன்.

மரத்தடிக்குப் போய் உட்காரத்தான் சொன்னேன். அவர் வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து, சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னை ஏறச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் கோபமாக இருக்கிறேன் என்று பட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த என் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் கூப்பிடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நான் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்த கமலா ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தார். எதற்கு இவ்வளவு உபசாரம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் கண் முழுக்கத் தண்டவாளத்தில் இருந்தது. இறங்கிவந்த அவர் நேராக ஒரு புதருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, தான் சொன்ன கணக்கு சரிதான், விழவில்லை என்றார்.

திரும்பும்போது பஸ் கேளம்பாக்கத்தைத் தாண்டி வண்டலூர் பக்கம் திரும்பியதும் டீச்சர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிவு ஜெபம் செய்தார். நல்ல வெயில் தந்ததற்காக, டிரைவருக்காக, பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர் என் சீட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"எங்கள் மகளின் கர்ப்பத்தைத் திறந்தருளினீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்."

பஸ் முழுக்க ஆமென் என்றது. சிலர் கைதட்டினார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு கை வந்து என் தலையைத் தடவியது. ராட்டினத்தைப் பார்த்து நான் பின்வாங்கினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று டீச்சர் கணக்குப் போட்டிருக்கிறார். தப்பும் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வாந்தியெடுத்து வெளிறியிருந்த முகம். அதில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னும் நிச்சயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரம் முடிவதற்குள், ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பு வலித்தது. எல்லாம் ரத்தமாக வந்துவிட்டது. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் அடுப்பில் டீக்கு வைத்தார். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அழ இடமில்லை. வீட்டுக்காரர் குடும்பம் மாடியில், பக்கத்துப் போர்ஷனில் இன்னொரு குடும்பம். கொஞ்சம் சத்தம் கேட்டால் போதும், என்னம்மா என்று வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டார்கள். மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அவரே ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஜெபக்கூட்டத்தில் என் பெயர் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முன்பு கத்திக் கேட்டதே தேவலை என்றிருந்தது. நான் டைப் அடித்தேன், சமைத்தேன், துணி துவைத்தேன். அழவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாளில் அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார். என்னையும் போடச் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொள் என்றார். பஸ் சவுக்குத் தோப்பைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. பூங்காவில் கூட்டமே இல்லை. ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் மட்டும் இருந்தது. ரோலர் கோஸ்டர் வாசலில் நான் வழக்கம்போல் கைப்பையை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பெஞ்சில் வைத்து, தன் செருப்பையும் என் செருப்பையும் அதற்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு என்னோடு வந்தார்.

"யாராவது எடுத்துக்கிட்டுப் போய்டுவாங்க" என்றேன்.

"போனாப் போகுது, ஏறு."

சங்கிலி இழுத்தது. அவர் என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைத்தான் பிடித்திருந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. உச்சியில் சத்தம் நின்றது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தோப்பு. நான் எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வண்டி முன்பக்கமாகச் சரிந்து இறங்கியதும், வயிற்றிலிருந்து கிளம்பியது தொண்டையில் நிற்காமல் வெளியே வந்தது. கத்தினேன். பின்னாலிருந்த பிள்ளைகளும் கத்தினார்கள். அவர்கள் நிறுத்தி மூச்சு வாங்கினபோதும் நான் கத்திக்கொண்டிருந்தேன். வளைவில் கத்தினேன், மேட்டில் கத்தினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. யாரும் என்னம்மா என்று வரவில்லை.

வண்டி வந்து நின்றது. கம்பியைத் தூக்கிவிட வந்த ஊழியர், "இன்னாக்கா, ரொம்ப பயந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப்போனேன். பக்கத்தில் அவர் எழவில்லை. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, கம்பியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார்.