கப்பல் விளக்கின் நிறம்

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கரும்பு போடும் அய்யனாரின் மகன் சிவசங்கர். கடற்படையில் சேருவதற்காக எழுதிய தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டான். மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. அதில்தான் அவனுக்குச் சிக்கல்.

தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை எல்லோருக்கும் முன்னால் படித்துவிடுவான். ஆனால், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களை நண்பன் பிரவீன்குமார் போனில் காட்டியபோது அவனுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"இன்னாடா, எழுபத்திநாலு பளிச்சுனு தெரியுதே!" என்றான் பிரவீன்குமார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மனப்பாடம் பண்ணிக்க. அங்கயும் இதே படந்தான்" என்றான்.

அந்த வாரம்தான் எல்லையில் சண்டை மூண்டது. மகன் உள்ளே வந்தால் அம்மா கொளஞ்சியம்மாள் டிவியை அணைத்துவிடுவாள்.

"கப்பல்ல உனுக்கு இன்னா வேல குடுப்பாங்க?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"காவலுக்கும் நிக்கணும்மா. எதுர்ல வர்ற கப்பலு எந்தப் பக்கம் போவுதுன்னு வெளக்கப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் பச்ச."

சொல்லிக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்தான்.

"பயமா இருந்தா போவாதடா."

"அதெல்லாம் இல்லம்மா" என்று எழுந்துவிட்டான்.

சென்னையில் நடந்த பரிசோதனையில் அதே படங்கள்தான் வந்தன. கடகடவென்று ஒப்பித்தான். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் ஓர் இருட்டறைக்கு அழைத்துப் போனார்கள். எதிரே கடுகளவு வெளிச்சம் இரண்டு.

"மேல என்ன கலர்? கீழ என்ன கலர்?" என்றார் டாக்டர்.

இரண்டும் ஒன்றுபோல் மங்கலாகத் தெரிந்தன. குத்துமதிப்பாக ஏதாவது சொல்லலாம். நாளைக்குக் கடலிலும் இப்படித்தானே சொல்ல வேண்டியிருக்கும்? கீழ்த்தளத்தில் நம்பித் தூங்கும் அத்தனை பேரும் கண்முன்னே வந்தார்கள்.

"தெரியல சார்."

"படத்துல எல்லாம் சரியா சொன்னியே?"

"மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன் சார்."

டாக்டர் எழுந்து அறை விளக்கைப் போட்டார். "வேற வேலை தேடிக்கப்பா. இது நிறக்குருடு, பிறவியிலயே வர்றது. பெரும்பாலும் அம்மா வழியில வரும்" என்றார்.

வீட்டில் அதைச் சொன்னதும் கொளஞ்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகன் போருக்குப் போகவில்லை என்ற நிம்மதிகூட அவள் முகத்தில் நிற்கவில்லை.

"எந் தம்பி சடையன் இருக்கான் பாரு, மொளகா பறிக்க வுட்டா பழத்தோட காயையும் சேத்துப் பறிச்சிருவான். வேணும்னே பண்றான்னு எங்கப்பா அடிப்பாரு. நானும் அடிச்சிருக்கேன்டா."

அழுதுகொண்டே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

சண்டை சில நாட்களில் நின்றது. சிவசங்கர் இப்போது தபால் துறை வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறான். ஆனாலும் சில சமயம் கனவில் நடுக்கடலில் நிற்கிறான். எதிரே ஒரு விளக்கு நெருங்கி வருகிறது, பின்னாலிருந்து யாரோ நிறம் கேட்கிறார்கள்.